ஹட்டன் குரோம் பட்டறையில் பழைய சைட் கண்ணாடி: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

மலையகத்தில் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்கள் வைத்திருப்பவர்கள் பம்பருக்கும் கிரிலுக்கும் குரோம் பூசத் தேடிப் போகிற சின்னப் பட்டறை இது. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. பம்பர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவர்கள் புள்ளி போடும் காட்சிக்குப் போகிற காரின் சைட் கண்ணாடி என்றால் அதன் உலோகக் கூட்டை மட்டும் கொடுங்கள், அதையும் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள். கண்ணாடியைக் கொடுக்காதீர்கள்.

முதலில் கூட்டின் உட்பக்கத்தை ஊசியால் கீறிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்து, காந்தமும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் மெசாக், அதாவது நாகக் (துத்தநாகக்) கலவை வார்ப்பு. பித்தளையில் இவர்கள் வேலை சுத்தம். ஒரு ஜோடி இரண்டு கிழமையில் வந்துவிடும்.

மெசாக்குக்கு ஆறு கிழமை கேட்கிறார்கள். அது நியாயந்தான். பழைய குரோமில் கொப்புளம் எழும்பிய இடமெல்லாம் அடியில் குழி இருக்கும். நுவரெலியாப் பனியில் வருஷக்கணக்கில் நின்ற கார் என்றால் கூட்டின் அடிப்பக்கம் முழுக்க அப்படித்தான். மெசாக்கையும் பித்தளையைப் போல உப்பு அமிலத்தில் ஊறப்போட்டால் குரோமோடு கூட்டின் உலோகமும் கரைந்துபோகும். குழியில் உள்ள வெள்ளைத் தூளைச் சின்ன டிரில்லால் சுரண்டி எடுத்து, சயனைட் செம்புத் தொட்டியில் முதல் பூச்சு ஏற்ற வேண்டும். அதன்மேல் அமிலச் செம்பைத் தடிப்பாக ஏற்றித் தேய்த்து, குழி நிரம்பும்வரை திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். பிறகு நிக்கல், கடைசியில் குரோம். முதல் பூச்சைத் தவிர்த்து நேரே அமிலச் செம்பில் போட்டால் நாகம் அரித்து, பூச்சு பிடிக்காமல் உரிந்துவிடும். இங்கே அந்தக் குறுக்குவழி கிடையாது.

குறை பஃப் மெஷினில், அதாவது துணிச் சக்கரத்தால் பளபளப்பாக்கும் இயந்திரத்தில்தான். பளபளப்பு ஆசையில் ஓரங்களை மழுக்கிவிடுகிறார்கள். லூக்காஸ், டெஸ்மோ, விங்கார்ட் என்று கூட்டில் பதித்த எழுத்து, கொடுக்கும்போது நகத்தில் தட்டும். திரும்பி வரும்போது நகம் வழுக்கிக்கொண்டு போகும். அசல் பாகம் என்று நடுவருக்குக் காட்டும் அடையாளமே அதுதான். எழுத்தைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டு, “இங்கே பஃப் வேண்டாம், கையால் தேய்த்தால் போதும்” என்று துண்டு எழுதிக் கட்டிவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள். கண்ணாடி திரும்பும் உருண்டை இணைப்பையும் மரைத் துளைகளையும் பூசுமுன் மூடச் சொல்லுங்கள். இணைப்பில் பூச்சு ஏறினால் முதலில் இறுகும், பிறகு உதிரும்.

கண்ணாடிக்கு வருவோம். இவர்கள் அலுமாரிக் கண்ணாடியை வெட்டிப் போடுகிறார்கள். அது 3 மில்லிமீற்றர். பழைய கண்ணாடியின் தடிப்பை வேர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 2 என்று வந்தால் கண்ணாடியைப் பிடிக்கும் வளையத்தின் உதடு புதியதன்மேல் மடியாது, மடித்தால் கண்ணாடி வெடிக்கும். ஓரம் கறுத்திருந்தாலும் பழைய கண்ணாடியை எறியாதீர்கள், மறுபடி வெள்ளி பூசலாம். பின்பக்கப் பெயின்றை உரித்து, ஐதான நைத்திரிக் அமிலத்தால் பழைய வெள்ளியை நீக்கி, சீரியம் ஒக்சைட்டால் மெருகிட்டு, வெள்ளீயக் குளோரைட்டால் நனைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் அமோனியா கலந்த வெள்ளி நைத்திரேற்றும் சீனிக் கரைசலும். வெள்ளி பூசுமுன் அந்தப் பக்கத்தில் விரல் பட்டால் அந்த ரேகை முன்னால் தெரியும். மிச்சக் கரைசலைப் போத்தலில் வைக்காதீர்கள், வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் படியும்.

பூட்டும்போது பட்டறை கொடுக்கும் நட்சத்திரத் தலைத் திருகாணியை வாங்காதீர்கள். ஒற்றைப் பிளவுள்ள பழையதையே பூசி வாங்குங்கள். கூட்டின் அடியில் சின்னத் துளை இருந்தால் ஊசி விட்டுப் பாருங்கள், பஃப் மெழுகு அடைத்திருக்கும். எடுக்காவிட்டால் உள்ளே புகுந்த பனிநீர் இறங்க வழியின்றி, புதிய வெள்ளியும் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும்.