கழுத்து அளவு செய்து விற்கப்படும் பழைய தோட்டா உறைகள்: வாங்கும் முன் படியுங்கள்

ஒருமுறை மட்டுமே சுடப்பட்டவை, ஒரே தொகுதியைச் சேர்ந்த ராணுவ உறைகள், சூடேற்றி இளக்கி, குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதியான கழுத்தின் அளவு சரிசெய்யப்பட்டவை என்று விளம்பரம் உறுதி சொன்னது. டெக்சஸில் இலக்குச் சுடும் போட்டிகளுக்காகத் தோட்டாக்களை மறுநிரப்பு செய்பவன் நான். .308 துப்பாக்கிக்காக 200 உறைகள் வாங்கினேன். வந்தவை கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு இருந்தன.

முதல் உறையிலேயே குண்டு விரலால் தள்ளியதும் உள்ளே இறங்கிவிட்டது. குண்டின் விட்டம் 0.308 அங்குலம். உறை அதை இறுகப் பிடிக்க, கழுத்தின் உள்விட்டம் 0.001 அல்லது 0.002 அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். பிடிப்பில்லாத குண்டு, துப்பாக்கிக்குள் ஏறும்போது முட்டி உறைக்குள்ளேயே பின்வாங்கக்கூடும். உள்ளே இடம் சுருங்கினால் அழுத்தம் எகிறும். இதைத் துல்லியக் குறை என்று தள்ளிவிட முடியாது. சுடுபவரின் முகத்தருகே நடக்கும் விபரீதம் இது.

உறையைச் சுருக்கும் அச்சான டையில் அழுத்திய கழுத்து ஏன் தளர்ந்தது? தோட்டா உறையின் பித்தளை 70 சதவீதம் தாமிரம், 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது விரிந்து, டையில் சுருங்கி, மீண்டும் மீண்டும் இதையே அனுபவிக்கும்போது அது கடினமாகிறது. கடினப்பட்ட பித்தளை டையை விட்டு வெளிவந்ததும் பழைய அளவை நோக்கித் திமிறும். முறையாக இளக்கியிருந்தால் இவ்வளவு திமிறாது. சில கழுத்துகளில் மயிரிழை விரிசல் வேறு. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், உறையின் அடியிலுள்ள குழியில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. பெரும்பாலும் பலமுறை சுடப்பட்ட உறைதான் அப்படித் தளரும். அடியில் பொறித்திருந்த ஆண்டுகளும் உறைக்கு உறை மாறின. ஒரே தொகுதியாம்!

விற்றவரிடம் கேட்டேன். அம்மோனியா கலந்த வீட்டு மெருகுத் திரவத்தில் தேய்த்துக் கொடுத்ததாகப் பெருமையாகப் பதில் எழுதினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது இங்கேதான். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கப்பட்டது. நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயத்தை இந்தத் தொழிலில் இருப்பவர் அறியாமல் இருப்பதா?

பணத்தைத் திருப்பித் தரவில்லை. பிரைமர் பொருத்திப் பார்த்ததால் அது "பயன்படுத்திய சரக்கு" ஆகிவிட்டதாம்.

பிரைமர் அகற்றாத, கழுத்தைத் தொடாத அழுக்கு உறைகளையே கேட்டு வாங்குங்கள். ராணுவ உறையில் பிரைமரைச் சுற்றித் தொழிற்சாலை அழுத்திய வளையம் கலையாமல் இருந்தால் அது ஒருமுறை சுட்டது என்று நம்பலாம். கழுத்தை இளக்கியபோது படிந்த நீலச் சாயலும் பெரும்பாலும் தெரியும். பிரைமரை எடுத்து, வளையத்தைச் செதுக்கி, கழுத்தைச் சுருக்கி, மெருகும் போட்டுவிட்டால் இந்தத் தடயங்கள் அத்தனையும் போய்விடும். அதற்குத்தான் கூடுதல் விலையும் கேட்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் சுவர் மெலிந்து அறுபடத் தயாராக இருக்கிறது என்று பொருள், அதை நிரப்பாதீர்கள். என்னிடம் வந்தவற்றை வேறு யார் கைக்கும் போகாதபடி குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளைக்கு எடைக்குப் போட்டுவிட்டேன்.