ஓசூர் வீட்டு நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்கலாமா?

ஓசூர் டிசம்பர் குளிரில் பிள்ளைகள் குளத்தில் இறங்கவே மாட்டேன் என்றதால் ஹீட் பம்ப் போட்டோம், எனக்கு முழுத் திருப்தி. சாதாரண மின் ஹீட்டர் விலை குறைவுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40,000 லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க அதற்குச் சுமார் 46 யூனிட் கரண்ட் வேண்டும், ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் நல்ல வெயில் நேரத்தில் அதே வேலையை 9, 10 யூனிட்டில் முடித்துவிடும். காற்று குளிரக் குளிர இந்தத் திறன் குறையும், அதனால் நாங்கள் ராத்திரியில் ஓட்டுவதில்லை, பகலில்தான். வேகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சனிக்கிழமை குளிக்க வேண்டுமென்றால் வியாழக்கிழமையே போட்டுவிட வேண்டும்.

சோலார்? மொட்டை மாடியில் இடம் இருந்தால் தாராளமாகப் போடலாம், ஆனால் குளத்தின் பரப்பில் பாதிக்குமேல் பேனல் தேவைப்படும், மேகமூட்டமான நாளில் கைவிட்டுவிடும்.

அப்புறம், எதை வாங்கினாலும் குளத்தை மூடும் கவரையும் சேர்த்தே வாங்குங்கள். தண்ணீரின் சூடு பெரும்பாலும் ஆவியாகித்தான் போகிறது, ராத்திரி மூடாமல் விட்டால் பகலெல்லாம் ஏற்றியதில் பெரும் பகுதி காலைக்குள் போய்விடும். விற்க வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நீங்களே கேட்டு வாங்குங்கள்.