மூன்று வருஷ டாங்கிள்: வெள்ளை மேகத்தில் விழுந்த புள்ளிகள்

2025 ஜூனில் நோவா-18 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் நோவா-19ம் 15ம் போயின. இவை அனுப்பும் மேகப் படங்களைத்தான் கணினியில் செருகும் ஒரு ரேடியோ டாங்கிளில் மூன்று வருஷமாக நானே வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே நண்பன் கேட்டுவிட்டான்: "இனி அந்த டாங்கிள் உனக்கெதுக்குடா, பாதி விலைக்குக் குடுத்துடேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது இதுதான்.

ஆன்டெனாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 53 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் கம்பி, 120 டிகிரி விரித்தது. திருச்சி மொட்டைமாடியில் மூன்று மழைக்காலம் தாங்கிவிட்டது. பாஸ் நேரம், அதாவது செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடக்கும் நேரம், சொல்லும் மென்பொருளும் அப்படித்தான். 850 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற ஒன்று எத்தனை மணிக்கு அடிவானத்தைத் தாண்டும் என்று சொல்கிறதோ, அதை ஒட்டியே இரைச்சலுக்குள்ளிருந்து 'டிக் டிக்' கிளம்பும். செயற்கைக்கோளின் வேகத்தால் சிக்னலின் அதிர்வெண் வரும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் ஏறி, போகும்போது அதே அளவு இறங்கும் டாப்ளர் விலகலையும் விடாமல் கழித்துவிடும்.

கோபமெல்லாம் டாங்கிளுக்குள் இருந்து அதிர்வெண்ணை நிர்ணயிக்கிற கிரிஸ்டல் மேல்தான். குளிர்ந்த காலையில் 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) விலகும்; மே மாத வெக்கையில் 60ஐத் தாண்டும். இந்த 25 பிபிஎம் வித்தியாசம், படம் வருகிற 137 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்றரை கிலோஹெர்ட்ஸ். மென்பொருள் பாடுபட்டுக் கழித்த டாப்ளர் அவ்வளவையும் இது ஒன்றே திருப்பிக் கொண்டுவந்துவிடும். அதனால் பாஸுக்குக் கால் மணி நேரம் முன்பே செருகி, சூடாகவிட்டு, செல்போன் கோபுர சிக்னலை வைத்து அளந்து, மென்பொருளில் அந்த விலகல் எண்ணைத் திருத்தியாக வேண்டும். மூன்று வருஷமாக ஒவ்வொரு முறையும்.

2023 டிசம்பர் 3, மிக்ஜாம் புயல் வங்கக் கடலில் நிற்கிறது. நோவா-19 வரப் போகிறது. 2003-ல் தொழிற்சாலையிலேயே தரையில் விழுந்து, பழுது பார்த்து 2009-ல் மேலே போன செயற்கைக்கோள் அது. எனக்கு எப்போதும் அதன்மேல் தனிப் பிரியம். வேலையிலிருந்து நனைந்து வந்து செருகும்போது பாஸுக்கு இரண்டே நிமிடம். அக்டோபர் வெயிலில் போட்ட எண் அப்படியே இருக்கிறது. விநாடிக்கு இரண்டு வரியாகப் படம் இறங்கியது. நிலம் சுத்தமாக வந்தது, கடல் வந்தது. புயல் வந்ததும் பொரிப்பொரியாகக் கறுப்புப் புள்ளிகள். அலைவரிசை தள்ளியிருந்தால் முதலில் வெட்டுப்படுவது படத்தின் மிக வெளுத்த இடம்தான். நான் பார்க்கக் காத்திருந்ததும் அந்த வெளுப்பைத்தான். கையால் நகர்த்திச் சரிசெய்வதற்குள் பாதிப் புயல் கடந்துவிட்டது. மீதிப் பாதியில் கை வீசின மாதிரி வளைந்த மேகப் பட்டைகள் தெளிவாக விழுந்தன. அப்போது மாடிக் கதவை மழை அறைந்துகொண்டிருந்தது. அந்த மேகத்தை மேலிருந்து நானே வாங்கிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை வேறெந்தப் பொருளும் எனக்குத் தந்ததில்லை.

இப்போது மிச்சம் ரஷ்யாவின் மெட்டியோர்-எம் செயற்கைக்கோள்கள். நோவாவில் நாலு கிலோமீட்டருக்கு ஒரு பிக்சல் என்றிருந்தது ஒரு கிலோமீட்டராகிவிட்டது, படம் அருமை. ஆனால் டிஜிட்டல். நோவாவில் புள்ளி விழுந்தாவது படம் வரும். இதில் சிக்னல் பிடிபடாவிட்டால் ஒரு வரிகூடக் கிடையாது.

புதிதாக வாங்குகிறவர்கள் டிசிஎக்ஸ்ஓ, அதாவது வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல், போட்ட டாங்கிளையே வாங்குங்கள். ஒரு பிபிஎம்முக்குள் நிற்கும், விலை கூடுதலானாலும் தகும். நான் வைத்திருக்கும் ரகத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நண்பனுக்கும் அதையே சொன்னேன். என்னுடையதை விற்கவில்லை. இன்று இரவு மெட்டியோர்-எம்2-4 நல்ல உயரத்தில் போகிறது, இப்போதே செருகிச் சூடாக விட்டிருக்கிறேன்.