மேட்பிளாட்லிப்: அளவெடுத்துத் தைத்தால்தான் பொருந்தும்

பைத்தான் நிரல்மொழியில் கிராஃப் வரைய ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது, இந்த ஏழு வருஷமும் அதற்கான வரைபட நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப்பைத் திட்டிக்கொண்டேதான் பயன்படுத்தி வருகிறேன். இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும், கேட்டால் எதையும் வரைந்து கொடுக்கும். கோடு போடுவது ஒரு வரி வேலை. போட்டதை ஆய்வுக் கட்டுரையில் வைக்கிற மாதிரி ஒழுங்குபடுத்துவதுதான் மிச்ச முப்பது வரி, நான் இங்கே சொல்ல வந்தது அந்த முப்பது வரியைப் பற்றித்தான்.

எனக்கு முதல் அடி ஒரு ஆய்விதழிடமிருந்து விழுந்தது. பெயர் வேண்டாம். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் திரையில் பளிச்சென்றுதானே தெரிந்தது என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பிவிட்டு அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் எடுத்துக்கொள்கிற அளவு 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம், எழுத்து 10 பாயின்ட். இரண்டு பத்தியாக அச்சாகும் இதழில் ஒரு பத்தியின் அகலம் ஏறக்குறைய 3.5 அங்குலம்தான், படத்தை அதற்குள் சுருக்கித் திணித்தால் அந்த 10 பாயின்ட் எழுத்து ஐந்தரை பாயின்ட்டாகிவிடும். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்து மாதிரி. சரி, எழுத்தைப் பெரிசாக்கலாம் என்று போனால் கிராஃபின் அச்சுக்கோட்டில் உள்ள எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், எண்களைச் சாய்த்தால் கீழே அச்சின் பெயர் பாதி வெட்டுப்படும், ஓரத்தைக் கூட்டினால் கிராஃப் சுண்டைக்காய் அளவுக்குப் போய்விடும். இந்தச் சண்டை எதுவுமே தேவையில்லை. முதல் வரியிலேயே ஃபிக்சைஸ், அதாவது படத்தின் அளவு, 3.5, 2.5 என்று கொடுத்து எழுத்தை 8 பாயின்ட்டில் வைத்துவிட்டு, சுருக்காமல் இழுக்காமல் அப்படியே ஒட்டுங்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சேமிக்கும்போது 'பிபாக்ஸ் இன்ச்சஸ் டைட்' போடச் சொல்லி எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், வெட்டுப்பட்ட எழுத்தெல்லாம் உள்ளே வந்துவிடும் என்பார்கள். வரும்தான். ஆனால் அது உள்ளே இருப்பதற்கு ஏற்றபடி தாளையே வெட்டுகிறது அல்லது நீட்டுகிறது, சுற்றிலும் 0.1 அங்குலம் விட்டு. நீங்கள் அளந்து கொடுத்த 3.5 அங்குலம் 3.3 ஆகலாம், 3.8 ஆகலாம். ஒரு படத்தில் அச்சு எண்கள் 5, 10 என்றும் இன்னொன்றில் 50000, 100000 என்றும் இருந்தால் இரண்டும் வேறு வேறு அகலத்தில் வந்து நிற்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோணல் அப்பட்டமாகத் தெரியும்.

அதற்குப் பதில் 'கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்' போடுங்கள். தாளின் அளவைத் தொடாமல், உள்ளே இருக்கிற கட்டங்களை (ஒரே படத்துக்குள் வரும் தனித்தனி கிராஃப்களை) மட்டும் நகர்த்தி இடம் கண்டுபிடிக்கும். பழைய 'டைட் லேஅவுட்'டும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் நாலைந்து கட்டத்துக்குப் பொதுவாக, எந்த நிறம் எந்த மதிப்பு என்று காட்டும் நிறப்பட்டை ஒன்றே ஒன்று வைத்தால் தடுமாறும், புதியது தடுமாறுவதில்லை. எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜண்டைக் கிராஃபுக்கு வெளியே வைப்பதும் முன்பு பெரிய தலைவலி. 3.7 பதிப்பிலிருந்து மொத்தப் படத்துக்குமான லெஜண்டுக்கு 'அவுட்சைடு' என்று தொடங்கும் இடத்தைச் சொன்னால் போதும், அதற்கான இடத்தைத் தானே ஒதுக்கிவிடுகிறது. லெஜண்டை 'பெஸ்ட்' என்று அதன் விருப்பத்துக்கு விடாதீர்கள், தரவு அதிகமானால் இடம் தேடியே நேரத்தைத் தின்னும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'சப்பிளாட் மொசைக்'. ஏஏபி, சிசிபி என்று எழுத்தாலேயே கோலப்புள்ளி மாதிரி வைத்தால் அந்த வடிவத்திலேயே கட்டங்கள் வந்துவிடும்.

தோற்றத்தைப் பொறுத்தவரை 2017இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்னும் பின்னும் என்று பிரிக்கலாம். அதற்கு முன் 'ஜெட்' என்ற வானவில் நிறப்பட்டைதான் இயல்பாக வரும், தரவில் இல்லாத வரம்பெல்லாம் இருப்பதுபோல் காட்டும். இப்போது 'விரிடிஸ்', கருப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் ஏற்ற இறக்கம் புரியும். மேலேயும் வலப்பக்கமும் இருக்கிற பெட்டிக்கோட்டை மட்டும் ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்களோ, நான் முதலில் எடுப்பது அதைத்தான். எழுத்து, கோட்டுத் தடிமன், பெட்டிக்கோடு எல்லாவற்றையும் ஒரு ஸ்டைல் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அழ வேண்டாம். அதிலேயே பிடிஎஃப் ஃபாண்ட்டைப் பற்றிய இடத்தில் 42 (ட்ரூடைப் எழுத்துரு) என்று போட்டுவிடுங்கள், இயல்பாக வருகிற டைப் 3 எழுத்துருவை ஏற்காத இதழ்கள் உண்டு.

புதியவர்கள் குழம்புகிற இடம் ஒன்றே ஒன்று: ஒரே வேலைக்கு இரண்டு வழி. 2003இல் இதை வெளியிட்ட ஜான் ஹண்டர் மூளை ஆய்வில் இருந்தவர், மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் பழக்கத்தில் இதைக் கட்டினார், அதனால் மேட்லாப் பாணிக் கட்டளையும் உண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பாணியும் உண்டு. இரண்டாவதை மட்டும் படியுங்கள்.

கடைசியாகத் தமிழ். அச்சின் பெயராக 'வெப்பநிலை' என்று எழுதினால் முதலில் எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டிகள் வரும், கூடவே வரும் டெஜாவு எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துரு கொடுத்தால், என்னிடமிருக்கும் 3.8 பதிப்பில் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, 'லை'யின் இணைக்கொம்பும் அப்படியே. எம்பிஎல்கெய்ரோ என்ற துணைநிரலைச் சேர்த்தால் சரியாகிறது. அவசரத்துக்கு நான் க்னூபிளாட் என்ற வேறொரு வரைபட மென்பொருளில் பிடிஎஃப்கெய்ரோ வழியாக வரைந்துவிடுவேன், பள்ளிக் கண்காட்சிக்காக அக்கா மகளுக்குச் செய்து கொடுத்த படத்தில் கொம்பெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.