டெசா 51608 ஃப்ளீஸ் டேப் ரிவ்யூ: காருக்குள்ள வர்ற லொடலொட சத்தத்துக்கு இது ஒண்ணு போதுமா?

முதல்லயே சொல்லிடறேன், டேப் நல்ல டேப், தாராளமா வாங்கலாம். ஆனா ஒரு ரோல் வாங்கி கைக்கு எட்டற இடத்துல எல்லாம் ஒட்டிட்டா சத்தம் நின்னுடும்னு நெனச்சு வாங்கினீங்கன்னா காசு தண்டம். சத்தம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுதான் இதுல முக்கால்வாசி வேலை, ஒட்டறதெல்லாம் அஞ்சு நிமிஷ சமாச்சாரம். அதனால டேப்பைப் பத்தி பாதி, தேடற வேலையைப் பத்தி பாதின்னுதான் எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

இது கார் ஃபேக்டரில வயரிங் கட்டை சுத்தறதுக்குன்னே ஜெர்மன் கம்பெனி டெசா செய்யற டேப். டேஷ்போர்டுக்குப் பின்னாடி போற ஒயர் கட்டு பிளாஸ்டிக்ல தட்டிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு அதுமேல சுத்துவாங்க. ஒரு பக்கம் பாலியஸ்டர் ஃப்ளீஸ் துணி, பொசுபொசுன்னு இருக்கும், இன்னொரு பக்கம் ரப்பர் பசை. தடிமன் கால் மிமீக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். 105 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கற ரகம், வெயில்ல நிறுத்தின வண்டியோட டேஷ்போர்டு 70, 80 டிகிரின்னு ஏறும் இல்லையா, அதுக்கு இது தாராளம். கத்திரி தேவையில்ல, கையாலயே கிழியும். டேஷ்போர்டுக்கு அடியில தலைகீழா படுத்துக்கிட்டு ஒரு கைல டார்ச் பிடிச்சு வேலை பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

எந்த மாதிரி சத்தத்துக்கு இது வேலை செய்யும்னு பாக்கறதுக்கு முன்னாடி சத்தத்தை ரெண்டா பிரிச்சுக்கோங்க. ஒண்ணு கிரீச் கிரீச்னு உரசற சத்தம். ரெண்டு பிளாஸ்டிக் ஒண்ணை ஒண்ணு அழுத்திட்டு நிக்குது, வண்டி பள்ளத்துல இறங்கி பாடி லேசா முறுக்கறப்ப ரெண்டும் நகரப் பாக்குது, முதல்ல ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்குது, விசை ஏறினதும் டக்குனு வழுக்குது, திரும்பவும் ஒட்டிக்குது, வயலின் வில்லு தந்தில உரசற அதே சங்கதிதான், கேக்கத்தான் சகிக்காது. இன்னொண்ணு லொடலொட, கடகட, டிக் டிக்னு தட்டற சத்தம். இங்க ரெண்டு பார்ட்டுக்கு நடுவுல இடைவெளி இருக்கு, ஆட்டம் இருக்கு, ஒண்ணு இன்னொண்ணுல போய் மோதுது. உரசற சத்தத்துக்கு இந்த டேப் அருமையா வேலை செய்யும், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் நேரா தொடாம நடுவுல துணி வந்துடுது. தட்டற சத்தத்துல, மோதற பொருள் ஒயர் மாதிரி லேசானதா இருந்தா அதுவும் நிக்கும். ஆனா ரெண்டு மூணு மிமீ இடைவெளி விட்டு ஒரு பேனலே ஆடுதுன்னா கால் மிமீ துணி என்ன செய்யும் சொல்லுங்க, அங்க தேவை ஃபோம், இல்லன்னா பேனலைப் பிடிச்சு வெக்கற புது பிளாஸ்டிக் கிளிப்.

கிளிப்பை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. ஆடியோ சிஸ்டம் மாத்த, டேஷ்கேம் ஒயர் இழுக்கன்னு ஒரு தடவை ட்ரிம், அதாவது உள்பக்க பிளாஸ்டிக் மூடி, கழட்டின வண்டில புதுசா சத்தம் வந்தா, முதல் சந்தேகம் உடைஞ்ச கிளிப்தான். காது உடைஞ்ச கிளிப்பை அப்படியே அமுக்கி வெச்சிருப்பாங்க, வெளியில இருந்து பாத்தா பேனல் நல்லாத்தான் உக்காந்திருக்கும்.

இப்ப தேடற கதைக்கு வரேன். முதல் வேலை வண்டியைக் காலி பண்றது, முழுசா. க்ளவ் பாக்ஸ், கூலிங் கிளாஸ் வைக்கற டப்பா, கப் ஹோல்டர்ல கிடக்கற சில்லறை, டோர் பாக்கெட்ல பாட்டில், டிக்கில ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி போல்ட் டைட்டா இருக்கான்னும் பாருங்க. அப்புறம் பின் சீட்ல யாரும் இல்லாதப்ப தொங்கற சீட் பெல்ட் நாக்கு, அது பில்லர் (கதவு ஓரத்து தூண்) பிளாஸ்டிக்ல தட்டற சத்தம் முன்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு எங்கயோ டேஷ்போர்டுல வர்ற மாதிரியே கேக்கும். பெல்ட்டை மாட்டி விட்டு ஓட்டிப் பாருங்க. ஹெட்ரெஸ்ட் கம்பி, மடக்கற பின் சீட்டோட லாக், டிக்கி மேல இருக்கற ஷெல்ஃப், இதையெல்லாம் ஒண்ணொண்ணா கழட்டியோ கையால பிடிச்சோ பாத்தா பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும், டேப்பை பிரிக்கவே வேண்டாம்.

அதுக்கும் மேல சத்தம் வந்தா தனியா தேடாதீங்க. ஒருத்தர் ஓட்டணும், இன்னொருத்தர் உள்ளங்கையால ஒவ்வொரு பேனலா அழுத்திக்கிட்டே வரணும், எதை அழுத்தினா சத்தம் நிக்குதோ இல்ல மாறுதோ அங்கதான் ஆள் ஒளிஞ்சிருக்கு. காதை நம்பி மட்டும் போனா ஏமாந்துடுவீங்க, ஏன்னா டேஷ்போர்டு ஓரத்துல வர்ற சத்தம் முன் கண்ணாடில பட்டு திரும்பி வரும், இடது பக்கம் இருக்கறது நடுவுல இருக்கற மாதிரி தெரியும். சந்தேகப்படற இடத்துல பெயிண்டர்கள் ஒட்டற மாஸ்கிங் டேப்பை ரெண்டு பேனலையும் சேத்து ஒட்டி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, நின்னா அதே இடம், நிக்கலன்னா உரிச்சுட்டு அடுத்த இடம். வண்டி நிக்கறப்பயே தேடணும்னா இன்னொரு வழி இருக்கு, போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் (ஒரே சுருதில சத்தம் குடுக்கறது) போட்டு கார் ஸ்பீக்கர் வழியா 30 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க, ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸ்ல நடுங்கி தன்னைத்தானே காட்டிக் கொடுக்கும். டோர் பேனலுக்கு இது செம, ஸ்பீக்கரே அங்கதானே இருக்கு. ஆனா பாடி முறுக்கறதால வர்ற கிரீச் இதுல வராது, அதுக்கு ரோடுதான்.

காலைல சத்தம் வருது, மத்தியானம் காணோம், மெக்கானிக் கிட்ட கொண்டு போனா வரவே மாட்டேங்குதுன்னு புலம்பறவங்களுக்கு ஒரு கணக்கு. ஏபிஎஸ்ங்கற ரக பிளாஸ்டிக் சூட்டுக்கு இரும்பை விட ஆறேழு மடங்கு அதிகமா விரியும். 1 மீட்டர் நீள பிளாஸ்டிக் 30 டிகிரி சூடேறினா சுமாரா 2.4 மிமீ நீளும், அது மாட்டியிருக்கற இரும்பு 0.36 மிமீதான் நீளும். மிச்ச 2 மிமீ எங்கயாவது இறுக்கும், இல்ல தளத்தும். அதனால எந்த நேரத்துல சத்தம் வருதோ அந்த நேரத்துலயே தேடுங்க, ஏசி போட்டு உள்ள குளுகுளுன்னு ஆனப்புறம் தேடினா வேற வண்டில தேடற மாதிரிதான்.

சரி, டேப் எங்கெல்லாம் நல்லா வேலை செஞ்சுது? சென்டர் கன்சோல் பக்கவாட்டு பேனல் டேஷ்போர்டோட சேர்ற விளிம்பு, அங்க முழங்கால் பட்டாலே கிரீச்னு வரும், அது சுத்தமா போச்சு. க்ளவ் பாக்ஸ் மூடி உக்கார்ற ஓரம், மியூசிக் சிஸ்டத்தைச் சுத்தி இருக்கற ஃப்ரேமோட கிளிப், ஸ்டீரியோவுக்குப் பின்னாடி தொங்கற கனெக்டர், சீட் பெல்ட் பக்கிள் கன்சோல்ல உரசற இடம், எல்லாம் அமைதி. ஒட்டறதுக்கு முன்னாடி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைக்கறது கட்டாயம். டேஷ்போர்டுக்கு பளபளன்னு பாலிஷ் போட்டிருந்தா அந்த எண்ணெய்ல எந்தப் பசையும் நிக்காது. இழுத்து ஒட்டாதீங்க, இழுத்தா ஓரம் சுருண்டுக்கும். ஒரு லேயர் போதும், ரெண்டு மூணு லேயர் போட்டா பேனல் சரியா உக்காராம வேற இடத்துல புது சத்தம் ஆரம்பிக்கும். பேனலைக் கழட்ட நைலான் ப்ரை டூல் (நெம்பி எடுக்கற பட்டை) வாங்கிக்கோங்க, ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா தழும்பு விழும்.

கரண்ட் வேலைக்கு சுத்தற சாதா பிவிசி டேப் போதாதான்னு கேப்பீங்க. போதாது. அது வழவழன்னு இருந்தாலும் பிளாஸ்டிக்ல உரசினா அதுவே கீச்சும், வெயில்ல பசை உருகி வழிஞ்சு கருப்பா பிசுபிசுன்னு ஆயிடும். பேர் தெரியாத கம்பெனி துணி டேப் ஒண்ணும் பக்கத்துல வெச்சு பாத்தேன், ஒட்டறப்ப அதுதான் கெட்டியா ஒட்டற மாதிரி இருந்துது, வெயில் காலம் முடியறதுக்குள்ள துணி தனியா பசை தனியா வந்துடுச்சு.

இந்த டேப்பை வைக்கக் கூடாத இடமும் இருக்கு. டோர் பேனலுக்கு உள்ள, கண்ணாடி வழியா மழைத்தண்ணி இறங்கற பகுதி, துணி தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும், அங்க தண்ணி குடிக்காத ஃபோம்தான் சரி. நம்பர் பிளேட்டுக்கும் அதேதான். கதவு ரப்பர் பாடில உரசி வர்ற முனகல் சத்தத்துக்கு டேப் எதுக்கு, ரப்பரைத் துடைச்சு க்ரைடாக்ஸ் மாதிரி கிரீஸோ நெக்ஸ்ட்செட் கம்பெனியோட கும்மி ஃப்ளேகா ஸ்டிக்கோ மெல்லிசா தடவினா போதும். கையில கிடைக்கற பெட்ரோலிய ஸ்ப்ரேவை ரப்பர்ல அடிக்காதீங்க, கொஞ்ச நாள் சத்தம் நிக்கும், ரப்பர் ஊதிப் போகும்.

முக்கியமா, முன் கண்ணாடி ஓரத்துல இருக்கற ஏ பில்லர் ட்ரிம்ல எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு எழுதியிருந்தா அதுல கை வைக்காதீங்க. உள்ள கர்ட்டன் ஏர்பேக் இருக்கு, பல வண்டில அந்த ட்ரிம்மோட கிளிப் ஒரு தடவை கழட்டினா புதுசுதான் போடணும், உள்ள டேப், ஃபோம்னு எதையாவது அடைச்சா பேக் விரியற வழியே மாறலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை, கிரீச் சத்தத்தோட ஓட்டினாலும் பரவால்ல.

மொத்தத்துல 5க்கு 4 குடுப்பேன். ஒரு மார்க் குறைச்சது ரோல் அளவுக்கு, ஒரு காருக்கு இவ்ளோ நீளம் தேவையே இல்ல, கூட யாராவது இருந்தா பங்கு போட்டு வாங்குங்க. 19 மிமீ அகலம் எடுத்தா பெரும்பாலான விளிம்புக்கு சரியா இருக்கும். இன்னொண்ணு, சின்ன மேடு பள்ளத்துல கூட முன் வீல் பக்கத்துல இருந்து டொக் டொக்னு அடி சத்தம் வந்தா, ட்ரிம்மைக் கழட்டிட்டு இருக்காதீங்க, சஸ்பென்ஷன்ல இருக்கற ஸ்டெபிலைசர் லிங்க்கோ ரப்பர் புஷ்ஷோ போயிருக்கும், வண்டியை லிஃப்ட்ல ஏத்தி ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க.