600 வீடுகள்: எளிய சமவாய்ப்பு மாதிரியா, பல்கட்ட மாதிரியா?

சுமார் 40,000 வீடுகள் உள்ள ஒரு பகுதியில் 600 வீடுகளை விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எந்த முறையில் மாதிரி எடுப்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பல்கட்ட மாதிரியில் இறங்கினேன். மறுபடி செய்யச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

எளிய சமவாய்ப்பு மாதிரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொத்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும், குலுக்கிப் போட்டதுபோல 600-ஐ எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கல்லூரி மாணவர்கள், ஒரு நிறுவன ஊழியர்கள் என்று பட்டியல் தயாராக இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். என்னிடம் பட்டியல் இல்லை. இருந்திருந்தாலும் ஊருக்கு இரண்டு, மூன்று என்று வீடுகள் சிதறி, பேட்டி எடுத்த நேரத்தைவிட வண்டியில் போன நேரம் அதிகமாகியிருக்கும்.

பல்கட்டத்தில் முதலில் ஊர்கள், அப்புறம் ஊருக்குள் வீடுகள். நான் 40 ஊர்கள், ஊருக்கு 15 வீடுகள் என்று வைத்தேன். அந்த 40 ஊர்களுக்கு மட்டும் வீட்டுப் பட்டியல் எடுத்தால் போதும். 'பெரிய ஊர்க்காரருக்கு வாய்ப்பு குறையாதா?' என்று கேட்கலாம். ஊர்களை அவற்றின் அளவுக்கேற்ற வாய்ப்பில் எடுத்தால் குறையாது. புள்ளியியலாளர்கள் ஹான்சனும் ஹர்விட்ஸும் 1943-இல் இதற்கான கணக்கைத் தந்தார்கள். 200 வீடுள்ள ஊர் தேர்வாகும் வாய்ப்பு 40 × 200/40,000, அதாவது 0.2, அதற்குள் ஒரு வீட்டுக்கு 15/200, அதாவது 0.075. பெருக்கினால் 0.015. 500 வீடுள்ள ஊருக்கு 0.5, 0.03. பெருக்கினால் அதே 0.015. பழைய எண்ணிக்கையை நம்பி ஊரை எடுத்துவிட்டு, நேரில் போனால் வீடுகள் கூடியோ குறைந்தோ இருக்கின்றன என்றால் மட்டும், அந்த வீடுகளின் பதில்களுக்குக் கணக்கில் தரும் பங்கை (எடையை) மாற்றிச் சரிசெய்ய வேண்டும். எனக்கு நாலைந்து ஊர்களில் அப்படி ஆனது.

இனி, உண்மையான சிக்கல். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப்போல ஒருவர் இருப்பார்கள். பதினைந்தாவது வீட்டுக்குப் போகும்போது பாதிப் பதில் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த இழப்பைத்தான் டிசைன் எஃபெக்ட் அளக்கிறது. ஊருக்கு எடுக்கும் வீடுகளில் ஒன்றைக் கழித்து, ஊருக்குள் உள்ள ஒற்றுமை அளவால் (எல்லாரும் ஒரே பதில் சொன்னால் அது 1) பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அது வந்துவிடும். ஒற்றுமை 0.05 என்றால் எனக்கு 1.7. என் 600 வீடுகள், எளிய மாதிரியின் 353 வீடுகளுக்குத்தான் சமம்! செலவைக் குறைக்க முதலில் 20 ஊர்கள், ஊருக்கு 30 வீடுகள் என்றுதான் திட்டம் இருந்தது. அதில் போயிருந்தால் 2.45, மிஞ்சியிருப்பது 245. அதே 600 பேட்டிதான், ஊர்களைக் கூட்டியதில் நூறு வீட்டுக்குமேல் லாபம். இன்னும் 20 ஊர்களுக்கு வண்டிச் செலவு கேட்டபோது முகம் சுளித்தவர்களிடம் இந்த ஒரு கணக்கைத்தான் காட்டினேன்.

கேள்வியைப் பொறுத்தும் இது மாறும். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஊர் முழுக்க ஒரே பதில். ஒற்றுமை 0.3 என்றாலே 600 வீடுகள் 115 ஆகச் சுருங்கிவிடும். உங்கள் ஆய்வின் முக்கியக் கேள்வி அப்படிப்பட்டது என்றால், ஊர்களை இன்னும் கூட்டுங்கள், ஊருக்கு ஐந்தாறு வீடுகள் போதும். தடுப்பூசி ஆய்வுகளில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய 30 கொத்து (ஊர் போன்ற ஒரு குழு), கொத்துக்கு 7 குழந்தை என்ற முறையும் டிசைன் எஃபெக்டை 2 என்று வைத்துப் போட்டதே: எளிய மாதிரிக்குத் தேவையான 96 இரண்டு மடங்காகி 192, அதை 30 கொத்துகளுக்கும் சமமாகப் பிரிக்க முழுதாக்கி 210.

அடுக்கு மாதிரியை, அதாவது மொத்தத்தையும் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலும் எடுப்பதை, போட்டியாளராக நான் பார்க்கவில்லை. ஊர்களை முதலில் அடுக்குகளாகப் பிரித்துவிட்டும் பல்கட்டத்தில் இறங்கலாம். மூன்று கட்டத்துக்குமேல் நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

தொடங்குமுன் ஒன்றைப் பாருங்கள். எந்த வீடு எந்த ஊர்க் கொத்து என்று சொல்லாவிட்டால், மென்பொருள் 600-ஐயும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டு பிழை வரம்பைச் சின்னதாகக் காட்டிவிடும். எங்கள் படிவத்தில் ஊர் எண்ணுக்குக் கட்டமே இல்லை. முன்னோட்டத்தில்தான் கண்ணில் பட்டது. அதற்குள் எல்லாம் அச்சாகிவிட்டதால், ஒவ்வொரு படிவத்தின் வலது மூலையிலும் உட்கார்ந்து கையால் எழுதினோம்.