ஏழு பிரெஞ்சுக் கொடிகள், ஒரு பெட்டி: வாங்கலாமா?

பாரிஸை அடுத்த சார்செல்லில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்க்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். ஜூன் கடைசி வந்துவிட்டால் பேச்சு தானாகக் கத்தோர்ஸ் ஜூய்யே (ஜூலை 14, பிரெஞ்சுத் தேசியத் திருநாள்) பக்கம் போய்விடும். போன வருடம் ஒருத்தி, "அக்கா, பிரான்ஸ் கொடி எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதற்காகவே இந்த வருடம் இணையத்தில் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஏழு மேசைக் கொடிகள், மரத் தாங்கிகள், கொடிக்கு ஒரு விளக்க அட்டை. விலை 34 யூரோ.

துணி பாலியெஸ்டர்தான். ஆனாலும் பட்டைகளைத் தனித்தனியாக வெட்டி இணைத்துத் தைத்திருக்கிறார்கள், அச்சடித்த கொடி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் 30க்கு 20 செ.மீ., அதாவது சரியான மூன்றுக்கு இரண்டு. மலிவாகக் கிடைக்கும் 90க்கு 150 கொடிகள் பிரெஞ்சு அளவே அல்ல. 100க்கு 150 இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடற்படைக் கொடி. மற்ற மூவண்ணக் கொடிகளில் பட்டைகள் சமமாக இருக்கும். கடற்படைக் கொடியில் மட்டும் நீலம் 30, வெள்ளை 33, சிவப்பு 37 என்ற விகிதம். 1853இலிருந்து இப்படித்தான். காற்றில் படபடக்கும்போது கம்பத்துக்குத் தூரமான பட்டை சுருங்கித் தெரியும், அதை ஈடுகட்டத்தான் சிவப்பை அகலமாக்கினார்கள். பிள்ளைகளிடம் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். 9 செ.மீ., கிட்டத்தட்ட 10, பிறகு 11. தைத்தவர் யாரோ, கை சுத்தமான ஆள்.

வெள்ளைக் கொடியை எடுத்ததும் ஒரு பையன், "இதுல கலர் போட மறந்துட்டாங்க" என்றான். மறக்கவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1830 வரை, மீண்டும் அரியணை ஏறிய பழைய அரச குடும்பமான பூர்போன் அரசர்களின் கொடி வெள்ளைதான். ஆனால் அட்டை அதோடு நின்றுவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் வாரிசான ஷாம்போர் பிரபுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1873இல் நாடாளுமன்றத்தில் முடியாட்சிக்காரர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஐந்தாம் ஹென்றியாக அரியணை ஏற அவருக்கு வழி திறந்திருந்தது. அவரோ மூவண்ணத்தை ஏற்கமாட்டேன், முன்னோர் நான்காம் ஹென்றியின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று நின்றுவிட்டார். 1875 ஜனவரியில் குடியரசு 353க்கு 352 என்று ஒரே ஓட்டில் நிலைத்தது. ஒரு துணியின் நிறத்துக்காக அரியணையையே விட்டவரின் கதை அட்டையில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. பிள்ளைகளுக்கு நானே சொன்னேன். அன்றைக்கு வகுப்பில் அதிகக் கேள்வி வந்தது அதற்குத்தான்.

1848 கொடியை வைத்ததே ஆச்சரியம். நீலம், சிவப்பு, வெள்ளை என்ற வரிசை. புரட்சியில் அரசர் வீழ்ந்த அந்த ஆண்டு, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சில நாட்களே இருந்தது. பாரிஸ் மாநகராட்சி மன்றத்தின் முன்னால் திரண்ட மக்கள் சிவப்புக் கொடி வேண்டும் என்றபோது, சிவப்புக் கொடி சாம்ப் தெ மார்ஸ் திடலை மட்டும்தான் மக்கள் இரத்தத்தில் சுற்றிவந்தது, மூவண்ணமோ உலகையே சுற்றிவந்தது என்று தற்காலிக அரசில் இருந்த கவிஞர் லமார்த்தின் பேசினார். 1791இல் அந்தத் திடலில் கூட்டத்தைச் சுட்டபோது இராணுவச் சட்டத்தின் அடையாளமாக ஏற்றியது சிவப்புக் கொடிதான். அந்த நினைவைத்தான் அவர் தொட்டார். சமாதானமாகக் கம்பத்தில் ஒரு சிவப்பு நாடாப்பூ வைக்க ஒப்புக்கொண்டார்கள். பெட்டிக்காரர்கள் இந்தக் கொடியின் கம்பத்தில் நகக்கண் அளவு சிவப்புப் பூ ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் கொடுத்த காசு வீணில்லை என்று பட்டது.

இவ்வளவு பார்த்துச் செய்தவர்கள் 1790 கொடியில் தவறிவிட்டார்கள். அது வெள்ளைக் கப்பற்கொடி, மேல்மூலையில் மட்டும் மூவண்ணம். அன்றைய ஆணைப்படி கம்பத்தை ஒட்டி வரவேண்டியது சிவப்பு, நடுவில் வெள்ளை, கடைசியில் நீலம். இன்றைய வரிசைக்குத் திரும்பியது 1794 பிப்ரவரி 15இல். பெட்டியில் 1790க்கே நீலத்தை முன்னால் வைத்துவிட்டார்கள். அப்படியானால் 1794இல் மாறியது என்ன என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

நீலத்திலும் ஒரு சிக்கல். அதிபர் ழிஸ்கார் தெஸ்தாங் காலத்தில், 1976இல், ஐரோப்பியக் கொடிக்குப் பொருந்த நீலத்தை வெளிறச் செய்தார்கள். 2020இல் அதிபர் மக்ரோன் தன் இருப்பிடமான எலிசே மாளிகையின் கொடிகளைக் கருநீலத்துக்கே திருப்பினார். இந்தப் பெட்டியில் 1794 முதல் இன்றைய கொடி வரை எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர்நீலத் துணி. இன்றைய கொடிக்காவது கருநீலம் வைத்திருக்கலாம்.

அட்டைகளில் இன்னொரு பிழை. மோனே வரைந்த, கொடிகள் நிறைந்த மோந்தொர்கேய் தெரு ஓவியத்தைப் போட்டு "14 ஜூலை" என்று எழுதியிருக்கிறார்கள். அது 1878 ஜூன் 30 விழா. ஜூலை 14 தேசியத் திருநாளானதே 1880இல்தான்.

கடைசியாக எடுத்தது 1940ஆம் ஆண்டுக் கொடி. வெள்ளைப் பட்டையில் லொரேன் சிலுவை (இரட்டைக் குறுக்குக் கோடு போட்டது, த கோலின் சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் சின்னம்), சிவப்பு நூலால் பின்னியது. புதுச்சேரி அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, ஆளுநர் போன்வேன் காலத்தில், ஜெர்மனியிடம் சரணடைய மறுத்த தளபதி த கோல் பக்கம் சேர்ந்தது. என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். அவர் தகரப்பெட்டியில் இதே சிலுவை போட்ட சின்ன ஊசிப் பதக்கம் ஒன்று இருந்தது, ஆயா எங்களைத் தொடவிடமாட்டாங்க. அந்தக் கொடியை மட்டும் வகுப்பில் கையோடு கையாக எல்லாரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, பள்ளிக்கு, தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நான்கு தருகிறேன். கடைக்குப் பிழைகளை எழுதி அனுப்பினேன், பதில் இன்னும் வரவில்லை. 1790 கொடியின் மூலைத் துண்டை நானே பிரித்து, புரட்டிப் போட்டுத் தைத்துவிட்டேன். இப்போது சிவப்பு கம்பத்தை ஒட்டி நிற்கிறது.